முறுக்குக் கம்பி

வாய்க்கால் கரையில் ஜட்கா பறந்துகொண்டிருந்தது. குதிரையின் வாய் காய்ந்து, ஓரத்தில் ரத்தம் கசிந்தது. நைனா முகம்மது பாய் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல லகானை இழுத்துப் பிடித்திருந்தார்.

வண்டிக்குள் தைலம்மாள் புருஷனின் உள்ளங்காலில் சுக்குப்பொடியைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். சிங்காரத்துக்கு விடிந்ததிலிருந்து வாந்திபேதி. குமராட்சியில் பஸ் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். யாரையோ இறக்கிவிட வந்த இந்த வண்டிதான் கிடைத்தது. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

புறப்படும்போதே பாய் கடிவாளத்தை மாற்றினார். குதிரையின் வாயிலிருந்த வழவழப்பான பித்தளைத் துண்டைக் கழற்றிப் பலகைக்கு அடியில் போட்டுவிட்டு, முறுக்கின இரும்புக் கம்பியை மாட்டினார். பித்தளை நாக்குக்கு இதமாம். சப்பிக்கொண்டே வருமாம், எச்சில் ஊறி வாய் காயாதாம். ஆனால் அது நடைக்குத்தான் ஆகும், பாய்ச்சலில் இந்தக் கரை வளைவுகளில் பிடித்து நிறுத்த முறுக்குக் கம்பிதான் வேண்டும் என்றார்.

பின்பாரம் ஆகாமலிருக்க, சிங்காரத்தைத் தன் முதுகோடு முதுகாகச் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டார்.

“அவரு மூச்சு வாங்கறது என் முதுகுல தெரியுது. நீ பாட்டுக்குக் காலைத் தேயி, தங்கச்சி.”

அதற்கப்புறம் அவள் எதையும் நினைக்கவில்லை. தோள் மரத்துவிட்டது, கை மட்டும் தேய்த்தது. அவ்வப்போது, “தெரியுதா பாய்?” என்று கேட்பாள். “தெரியுது” என்று பதில் வரும்.

தண்ணி, தண்ணி என்று முனகிக்கொண்டே வந்த சிங்காரம் மதகு தாண்டியதும் கேட்பதை நிறுத்திவிட்டான். தாகம் அடங்கிவிட்டது, நல்லதுதான் என்று நினைத்தாள்.

“தெரியுதா பாய்?”

பாய் குதிரையை அதட்டினார். சக்கரச் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது.

வயலுக்கு மேலே தூரத்தில் கோபுரம் தெரிந்தது. அப்போது பார்த்து வண்டி நின்றது.

பாய் தன் துண்டை மடித்துச் சிங்காரத்தின் தலைக்கு வைத்து, பக்கப் பலகையில் மெதுவாகச் சாய்த்துவிட்டு இறங்கினார். முறுக்குக் கம்பியை உருவினார். வாய்க்கால் தண்ணீரைக் கையில் அள்ளிக் குதிரையின் வாயைக் கழுவி, பித்தளையை மாட்டினார். குதிரை ஒருமுறை தலையை உதறிவிட்டு அதைச் சப்ப ஆரம்பித்தது. எச்சில் நூலாக இறங்கியது.

“கோபுரமே தெரியுது. மனுஷன் இந்தக் கெதியில கெடக்கறப்ப, குதிரை வாய்க்கு வைத்தியம் பாக்கறீங்களே?” தைலம்மாளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

பாய் கடிவாளத்தைப் பிடித்து, குதிரையைக் குமராட்சிப் பக்கம் திருப்பினார்.

“எங்க திருப்பறீங்க?” அவள் கை இன்னும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தது.

“வீட்டுக்குத்தான், தங்கச்சி. இனிமே நடை போதும்.”