பூட்டுப் போட்ட பத்துப் பக்கம்

"இன்னைக்காவது அந்த மருத்துவக் கட்டுரை கிடைச்சுதா அண்ணே, இல்ல இன்னைக்கும் உதட்டப் பிதுக்கப் போறீங்களா?"

கண் டாக்டர் கேட்டதற்கு, ஆஸ்பத்திரி நூலகர் உதட்டைத்தான் பிதுக்கினார்.

"அந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் இன்டர்நெட்ல முதல் பக்கத்த மட்டும் சும்மா காட்டுறான், டாக்டரம்மா. மீதி பத்துப் பக்கத்துக்கும் பூட்டு. அவன் கேக்குற காசுக்கு நம்ம லைப்ரரியவே எழுதிக் குடுக்கணும்."

அந்தப் பத்துப் பக்கத்தில்தான் மருந்தின் அளவு இருந்தது. பெயின்ட் பட்டறையில் தின்னர் டின்களோடு பதினெட்டு வருடம் மாரடித்தவன் ஒருவன் மூன்றாவது வார்டில் கிடந்தான். வலது கண் போய்விட்டது. ஒரு மாதத்துக்குள் மருந்து கொடுத்தால் மற்றதைக் காப்பாற்றலாம், அளவு தப்பினால் அதுவும் போகும் என்றது முதல் பக்கம்.

"ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்கெல்லாம் இலவசமாத் தர்றாங்களாமே, எழுதிப் போட்டீங்களா?"

"போன வருஷமே போட்டாச்சு. கிணத்துல போட்ட கல்லு."

பியூன் சுற்றறிக்கைக் கட்டை நீட்டினார். டாக்டர் பேச்சை நிறுத்தாமலே, படிக்காமலே, தாளுக்குத் தாள் ஓரத்தில் கையெழுத்தைக் கிறுக்கித் தள்ளினாள்.

"இந்தக் குப்பையிலயே பாதி ஆயுசு போகுது!"

வார்டில் அவன் சிரித்தான். "கண்ணு போனாலும் மூட்டை தூக்குவேம்மா. மூட்டை எங்க இருக்குன்னு யாராவது காட்டிட்டாப் போதும்."

மாதம் முடிவதற்குள் இடது கண்ணும் அணைந்தது. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலால் படியைத் துழாவித் துழாவி இறங்கிப் போனான்.

டாக்டர் நூலகத்துக்குள் நுழைந்தபோது நூலகர் எழுந்து நின்றார். கையில் ஒரு தாள்.

"ஆபீஸ்ல பழைய ஃபைல எல்லாம் கிளறினேன். பதில் வந்திருக்கு, டாக்டரம்மா. ஏழு மாசத்துக்கு முன்னாடியே. எல்லாம் இலவசம். பாஸ்வேர்டு கூட இருக்கு."

"அடப்பாவிகளா! எந்தத் தடியன் இதக் கொண்டுபோய்ப் புதைச்சது? நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சுற்றறிக்கைக் கட்டுல சேத்துட்டாங்க. அது டாக்டருங்களுக்குத்தானே சுத்தும்? லைப்ரரிப் பக்கம் என்னைக்கு வந்துச்சு?"

அவள் முகத்தைப் பார்க்காமல் தாளை மேஜையில் வைத்தார்.

ஓரத்தில் வரிசையாகக் கையெழுத்துகள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஆளாக, 'பார்த்தேன்' என்று அவள் கிறுக்கியிருந்தாள்.