வளைத்துப் பார்த்தால் தெரியும்

"'தண்ணிதானே போவுது, எந்த ஓஸா இருந்தா இன்னா'ன்னு சொன்னியா இல்லையா? வாயைத் திறந்து சொல்லு!"

தமிழ்ச்செல்வி போட்ட சத்தத்தில் மெக்கானிக் மோகன்குமார் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. சாலவாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இப்போதுதான் இறங்கியிருந்தான்.

"நான் சொல்லலம்மா. அய்யாதான் சொன்னாரு."

செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த தாமோதரன் இன்னும் கொஞ்சம் உன்னிப்பாகச் செல்போனைப் பார்த்தார்.

"ஓ! சாரோட உத்தரவா?" கோபம் அப்படியே புருஷன் பக்கம் திரும்பியது. "நேத்து ஏரி நடுவுல இன்ஜின் நின்னு ரெண்டு மணி நேரம் தவிச்சது உங்க பையன்தானே? அரவிந்தன் கையில துடுப்புகூட இல்ல. தெரியுமா?"

"டிரையல்தானே பாத்தான். அதான் கயிறு போட்டு இழுத்துட்டாங்களே..."

"டிரையல்ல நின்னுச்சு. வெள்ளத்துல நின்னா?"

தாமோதரன் மறுபடி செல்போன் மேல் குனிந்துகொண்டார். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியே வழிந்தால் காலனித் தெரு தனித்தீவாகிவிடும். போன வருஷம் அப்படித்தான் ஆனது. அதற்காக ஊர் சேர்ந்து ஒரு பழைய இன்ஜின் படகு வாங்கியது; பொறுப்பு தாமோதரனுடையது. ஓட்டுவது அரவிந்தன். வியாழக்கிழமை புயல் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இன்று செவ்வாய்.

"அப்படி என்ன ஓஸ்தான் போட்டே, சொல்லு."

"செடிக்குத் தண்ணி வுடுவாங்களே, பச்சை ஓஸு, அதாம்மா. இந்த இன்ஜின் ஏரித் தண்ணிய உறிஞ்சிதான் சூட்டைத் தணிச்சிக்கும். பச்சை ஓஸு சூட்டுல எளகிப் போச்சி. பம்பு இழுக்க இழுக்க சப்பையா ஒட்டிக்கிச்சி. தண்ணி ஏறல. இன்ஜின் பொகையக் கக்கிக்கினு நின்னுபோச்சி."

தமிழ்ச்செல்வி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வயல் மோட்டாருக்கு உறிஞ்சற பக்கம் கெட்டி ஓஸ் போடணும்னு மட்டும் தெரியுது. நெல்லுக்குப் பார்ப்பீங்க, பிள்ளைக்குப் பார்க்க மாட்டீங்க!"

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த செங்கேணி சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"கோச்சிக்காதம்மா. வேற ஓஸு எடுத்தாந்துகீறேன்." மோகன்குமார் பையிலிருந்து கறுப்பு ரப்பர் ஓஸ் ஒன்றை எடுத்தான். "உள்ள கம்பிச் சுருள் வெச்சது. சூடும் தாங்கும். எவ்ளோ இழுத்தாலும் ஒட்டாது."

"புதுசா?"

"ஒரு டிராக்டர்ல கயட்டுனது. ஆனா நல்லா கீதும்மா."

"இங்க குடு."

வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்து வில் மாதிரி வளைத்தாள். வளைந்த இடத்தில் ரப்பர் மேல் கோடு கோடாக வெடிப்பு. அதை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது என்ன?"

"லேசாத்தாம்மா..."

"லேசாவா? டிராக்டர்காரன் இதை ஏன் கழட்டினான்? ஆயுசு முடிஞ்சுபோச்சுன்னு கழட்டினான். அவனுக்கு வேணாம்னு ஆனது என் பிள்ளைக்கு மட்டும் நல்லா இருக்குமா? உபயோகமில்லாததை அடுத்தவன் தலையில கட்டிட்டு 'நல்லா கீது'ன்னு சொல்ல எப்படிடா வாய் வருது?"

"செங்கல்பட்டு போனாத்தான் புதுசு கெடைக்கும்மா..."

"போ. இப்பவே போ. நல்லதா வாங்கு. துருப்பிடிக்காத கிளிப் சேர்த்து வாங்கு. உயிர் போற இடத்துல பழசு எதுக்குய்யா? சென்ஸ் வேணாம்?"

"நாளைக்குப் போவட்டுமே..." என்று ஆரம்பித்த தாமோதரன், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். "சரி சரி. இன்னிக்கே போப்பா."

மோகன்குமார் ஸ்கூட்டர் பக்கம் நகர்ந்தான்.

"அண்ணா, கொஞ்சம் நில்லு."

செங்கேணிதான். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்தாள். தமிழ்ச்செல்வி கையில் இருந்த ஓஸைக் குனிந்து பார்த்தாள். வெடிப்பை விரலால் தடவினாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உனக்கு என்னடி?"

"இல்லம்மா... போன மாசம் கேஸ்காரரு வந்து, தேதி முடிஞ்சிபோச்சின்னு உங்க அடுப்பு டியூபை மாத்திட்டுப் போனாரு இல்ல?"

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"கயட்டுன டியூபை எனக்குக் குடுத்தீங்களேம்மா. 'நல்லாத்தான் இருக்கு, எடுத்துட்டுப் போ'ன்னு சொன்னீங்க. அதத்தான் மாட்டிக்கினுகீறோம். அதுலயும் வளையற எடத்துல இதே மாரி கோடு கோடா கீதும்மா. நான் அழுக்குன்னு நெனச்சி தொடைச்சிக்கினு இருந்தேன்."

தமிழ்ச்செல்வி கையிலிருந்த ஓஸ் மெல்ல நிமிர்ந்தது. வெடிப்புகள் மறைந்து, பார்க்க நல்லதாகவே ஆகிவிட்டது.

தாமோதரன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

"நான் இங்க வந்துட்டா எங்க பொண்ணு இளமதிதாம்மா அடுப்பு பத்த வெக்கிது. ஆறாவதுதான் படிக்கிது." செங்கேணியின் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "அண்ணன் செங்கல்பட்டுதானே போவுது. அப்படியே எங்களுக்கும் ஒரு டியூப் வாங்கியாரச் சொல்றீங்களாம்மா?"

மோகன்குமார் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுவிட்டு, தமிழ்ச்செல்வியின் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

"சொல்லுங்கம்மா," என்றாள் செங்கேணி. "வாங்கியாரச் சொல்றீங்களா?"