முதுகு காட்டிய நாயகி

“நாலு பொம்பளை! ஒருத்தியோட நிறுத்திக்க உங்களால முடியாதா?”

மாடி அறையிலிருந்து பெண் குரல் இப்படி எகிறியதும், படியேறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். அங்கே குடியிருந்த ஓவியர் கல்யாணம் ஆகாத மனிதர் வேறு. யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் சுவர் மெல்லிசு, அவ்வளவுதான்.

“நாலும் வேணும் மேடம். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி,” என்றார் ஓவியர், அழாத குறையாக.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது நல்லதாகப் போயிற்று. கத்தியவர் பதிப்பகத்து அம்மாள். பழைய ருஷ்ய நாவல் ஒன்றைத் தலையணை கனத்தில் தமிழில் கொண்டுவருகிறார். மொழிபெயர்த்தவர் வயதான ஒரு பெரியம்மா, வெளியூர். படம் வேண்டிய பக்கங்களை மட்டும் ஓவியருக்கு அனுப்பியிருந்தார். இவரும் அதற்குமேல் ஒரு வரி படித்தவரில்லை.

“எனக்கே ருஷ்ய நாவல் சொல்லித் தர்றீங்களா? அவங்க ஊர்ல ஒரே ஆளை வீட்ல ஒரு மாதிரி கூப்பிடுவாங்க, வெளியில ஒரு மாதிரி, கொஞ்சுனா வேற, திட்டுனா வேற. உங்ககிட்ட இருக்கற பக்கத்துல நாலு எடத்துலயும் அப்பா பேரும் குடும்பப் பேரும் ஒண்ணாத்தானே இருக்கு? அப்ப எல்லாம் ஒருத்திதான்!”

சொல்லிவிட்டுக் கையிலிருந்த கைப்பிரதிக் கட்டை மேசைமேல் போட்டார். பெரியம்மா போட்டனுப்பிய சணல் முடிச்சுகூட அவிழாமல் அது தொப்பென்று விழுந்தது. “ஒரு வாரம். ஒரே முகம்.”

ஓவியரோ நாலு நாயகிக்கும் எங்கள் தெருவிலேயே அல்லவா முகம் எடுத்திருந்தார்! வீட்டுக்காரர் மகள், அச்சகக்காரர் மனைவி, பதிப்பகத்து அம்மாளின் சொந்தத் தங்கை, அப்புறம் மருந்துக்கடைக்காரர் மகள். கடைசியில் சொன்னவளை மட்டும் பார்த்துப் பார்த்து வரைந்தார். அது என்ன பார்வை என்று தெருவுக்கே தெரியும்.

“பொம்மை போடறவனுக்கா பொண்ணு?” என்று முறுக்கிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர், மகள் முகம் புத்தகத்தில் வரப்போகிறது என்றதும் இளகியிருந்தார். “வரட்டும். கண்ணால பாத்த மறுநாளே தேதி குறிச்சிடலாம்.”

இப்போது அவளை மட்டும் வைத்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். அச்சகம் இழுத்தடிக்கும். தங்கை அக்காவிடம் போய்க் கண்ணைக் கசக்குவாள்.

“தைரியமா என்னையே வெச்சிடுங்க,” என்றாள் அவள், மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடி.

“உன்னை வைக்காம யாரை வைக்கப் போறேன்?” என்று நெஞ்சை நிமிர்த்தினார் ஓவியர்.

புத்தகம் வந்தது. எல்லாப் படத்திலும் நாயகி திரும்பி நிற்கிறாள். சன்னலருகே முதுகு, பனியில் முதுகு, குதிரை வண்டியில் ஏறும்போதும் முதுகு. காதலன் முத்தமிடும்போதுகூடப் பின்னந்தலைதான்.

வீட்டுக்காரர் மகள், “அது என் கொண்டை” என்றாள். அச்சகக்காரர் மனைவி, “தோள் என்னுது” என்றாள். தங்கை இடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். விமர்சகர்கள் ‘முகத்தை மறுத்த பெண்’ என்று பத்தி பத்தியாக எழுதித் தள்ளினார்கள்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். “இது யாரு முதுகா வேணா இருக்கலாமே, தம்பி?”

“அப்பாவை விடுங்க,” என்றாள் மகள். “மூணு பேருக்குப் பயந்து என் மூஞ்சியை மறைச்சவரு, நாளைக்கு யாருக்குப் பயந்து என்னையே மறைப்பீங்களோ?”

அந்த வருஷமே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் படங்களுக்கு விருது கிடைத்தது. விழாவுக்குப் பெரியம்மா வந்திருந்தார். கண் ஆபரேஷன் முடிந்து அன்றுதான் புத்தகத்தைக் கையில் வாங்கினாராம். ஒவ்வொரு படமாக ரசித்துப் பார்த்துவிட்டு, பதிப்பகத்து அம்மாள் பக்கத்தில் நிற்க, ஓவியரின் தோளைத் தட்டினார்.

“மூத்தவ ரொம்ப நல்லா வந்திருக்காப்பா. அவ தங்கச்சிங்க மூணு பேரையும் எங்க காணோம்?”