ஜனாதிபதிக்கு ஓர் அர்ச்சனை

கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸ் கொடி அரைக்கம்பத்தில் தொங்குவதைப் பார்த்ததும் இருசம்மாள் நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த கரும்பு டிராக்டர் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் நாலு வார்த்தை திட்டினான், அவள் காதில் எதுவும் விழவில்லை.

“ஐயோ, பூட்டாரா? கையெழுத்து போடாமலே பூட்டாரா?”

எதிரிலிருந்த வக்கீல் ஆபீசிலிருந்து குமாஸ்தா தெய்வசிகாமணி ஓடி வந்து அவளைத் தூக்கி, வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார். கச்சிராயபாளையம் இருசம்மாளை அவருக்கு ஏழு வருஷமாகத் தெரியும். அவள் மூத்த மகன் வீரமுத்து தூக்குத் தண்டனைக் கைதி.

கிணற்றுப் பங்குத் தகராறில் சொந்தத் தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் கரும்புத் தோட்டத்தில் வெட்டிப் போட்டுவிட்டு, கல்வராயன் மலையில் போய் ஒளிந்துகொண்டவன். டெல்லி கோர்ட்டு வரைக்கும் தோற்றாகிவிட்டது. கடைசியாக வக்கீல் எழுதிய கருணை மனு, ஏற்பதோ தள்ளுவதோ, ஜனாதிபதியின் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

“இவரு இல்லம்மா. இது பழைய ஜனாதிபதி, பதவிய வுட்டு எறங்கி ரொம்ப வருஷமாச்சு. எண்பத்து மூணு வயசு, வாழ்ந்து முடிச்சவரு.”

இருசம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முந்தானையில் முடிந்திருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“வெள்ளிக்கிழம தவறாம அவரு பேருக்கு அர்ச்சன பண்றேங்க. நட்சத்திரம் இன்னான்னு தெரியாம வந்து நிக்கிறியேன்னு ஐயரு திட்டறாரு.”

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. டெல்லியில் இருக்கும் அந்தப் பெரிய மனுஷனுக்கு, கோமுகி அணைக்குக் கீழே கரும்பு வெட்டுகிற ஒருத்தி ஆயுசு கேட்டுக்கொண்டிருப்பது தெரியவா போகிறது? பெற்ற வயிறு என்று நினைத்துக்கொண்டார்.

“இப்ப இருக்கறவருக்கு இன்னா வயசுங்க?”

பேப்பரில் படித்ததையெல்லாம் மனசில் ஏற்றி வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் எடுத்து விடுவது குமாஸ்தாவின் பழக்கம். கேட்பவள் யார், என்ன நிலைமையில் கேட்கிறாள் என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

“எழுபத்தேழு. ஆகஸ்டு வந்தா எழுபத்தெட்டு. அதான் கொஞ்சம் பேஜாரான வயசு. மொத ஜனாதிபதி எழுபத்தெட்டுல பூட்டாரு. போன தபா இந்தக் கொடி எறங்கிச்சே, அவருக்கும் எழுபத்தெட்டு. ரெண்டு பேரு பதவியில இருக்கசொல்லவே பூட்டாங்க, ஒருத்தருக்கு எழுபத்திரண்டு, இன்னொருத்தருக்கு எழுபத்தொண்ணு. ரெண்டாவதா இருந்தவரு எண்பத்தாறு வரைக்கும் இருந்தாருதான். எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா?”

அவள் முகம் கறுத்துப்போனது. காற்றே இல்லை, கொடி அசையாமல் தொங்கியது. மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

“இவருக்கும் பாதியில எதுனா ஆயிட்டா, மனு இன்னா ஆவும்?”

“புதுசா வர்றவரு மொதல்லேருந்து படிப்பாரு, வருஷக்கணக்கா இழுக்கும். ரொம்ப இழுத்தா கோர்ட்டே ஆயுள் தண்டனையா மாத்தினாலும் மாத்தும். அப்புறம் பரோல் லீவுல வூட்டுக்கு வருவான். ஒரு நாளைக்கு வெளியவே வுட்டுடுவாங்க. நீ ஏன் கெடந்து பயப்படற?”

இவ்வளவு சொல்லியும் அவள் முகம் தேறவில்லையே என்று, குமாஸ்தா இன்னும் கொஞ்சம் தைரியம் சொன்னார்.

“போன வாரம் வக்கீலோட ஜெயிலுக்குப் போயிருந்தேம்மா. உம் புள்ள திருந்திட்டான். கூடப் பொறந்தவளே கோர்ட்டுல சாட்சி சொன்னாளேன்னு ஒரு வார்த்த கோவம் இல்ல. ‘தங்கச்சி கமலாவ எந்த ஊர்ல குடுத்திருக்குது? வெளிய வந்ததும் மொதல்ல அவளத்தான் பாக்கணும்’னு சிரிச்சிக்கினே கேட்டான்.”

“சொல்லிட்டீங்களா?”

“எலவனாசூர்கோட்டைன்னு சொன்னேன். தெருதான் எனக்குத் தெரியல.”

அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

“விருத்தாசலம் பஸ்சு எப்பங்க? கொளஞ்சியப்பரு கோயிலுக்குப் போவணும்.”

குமாஸ்தாவுக்குப் புரிந்தது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு, எல்லாக் கோர்ட்டுக்கும் மேலே அங்கே ஒரு கோர்ட்டு உண்டு. இன்னார் எனக்கு அநியாயம் பண்ணிவிட்டார், நீயே கேள் என்று எழுதி, சாமி முன்னால் பிராது கட்டிவிட்டு வருவார்கள்.

“பிராது கட்டப் போறியா?”

“போன மாசமே கட்டிட்டேங்க. இன்னும் நடக்கலியே, இன்னொரு தபா போயி ஞாபகப்படுத்திட்டு வரேன்.”

“அது சரி, யாரு மேல கட்டின? தண்டன குடுத்த ஜட்ஜய்யா மேலயா? புடிச்சிக்கினு வந்த போலீசு மேலயா?” என்று சிரித்தார் தெய்வசிகாமணி.

படியிறங்கிப் போனவள் நின்று திரும்பினாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

“எம் புள்ள மேலதாங்க.”