சுபேரு மேல் ஒரு மொட்டைக் கடுதாசி

குமாசி ஊரில் வெள்ளைக்காரத் துரையின் ஆபீஸ் வாசலில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து சுபேரு விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரே நீல நிறத்தில் புத்தம் புதுத் துணி, பன்னிரண்டு கட்டு.

குமாஸ்தா அசாரேவுக்கு மனசு கேட்கவில்லை. இருபது வருடமாக இந்தச் சந்தையில் வெங்காயம் விற்கிற மனுஷன் சுபேரு. 'இவன் லாகோஸ்காரன், அந்நியன்; துரையை உரித்த கோழி என்று சந்தை நடுவே கேலி பேசுகிறான்' என்று எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான்.

வம்பு பேசுகிற அந்நியனை சர்க்கார் தன் செலவில் சொந்த ஊருக்குக் கப்பலேற்றிவிடச் சட்டம் இருந்தது. ஏழு கடல் தாண்டி வந்த துரை, நாலு நாள் தூரத்துக்காரனை அந்நியன் என்பார். கேட்க ஆளில்லை.

"கப்பல் வியாழக்கிழமைதானே தம்பி? தள்ளிப் போயிடாதே?" என்று சுபேரு மூக்கைச் சிந்தினான்.

"தைரியமா இருங்கண்ணே. நான் இருக்கேன்ல."

"ஐயோ, நீ ஒண்ணும் பண்ணிடாதே. உன் வேலை போயிடும்."

அசாரேவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நேரத்திலும் அடுத்தவன் பிழைப்பை நினைக்கிறானே!

இருவரும் உள்ளே போனதும் துரை கப்பலேற்றும் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். அசாரே குறுக்கே விழுந்து, சுபேருவின் தாயும் தன் தாயும் கூடப் பிறந்தவர்கள் என்று பைபிள்மேல் அடித்துப் புளுகினான். குமாசி மண்ணின் அசாந்தி ஜனங்கள் வழக்கத்தில் பிள்ளைக்குத் தாயின் குலம்தான். தாய் இந்த மண் என்றால் பிள்ளையும் இந்த மண். துரையின் சட்டமும் அதற்குத் தலையாட்டியாக வேண்டும்.

சுபேரு பதறி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அசாரே அவன் காலை ஓங்கி மிதித்தான்.

சுபேருவின் கன்னத்தில் குல அடையாளமாகப் போட்ட கீறல்களைப் பார்த்தாலே அவன் எந்த ஊர் என்று சந்தையில் கைக்குழந்தைகூடச் சொல்லிவிடும். துரைக்கு எல்லா முகமும் ஒரே முகம். போன வருடம் அவர் கப்பலேற்றியவர்களில் இரண்டு பேர் இப்போது அவருக்கே முட்டை விற்கிறார்கள். துரை உத்தரவைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

வெளியே வந்ததும் சுபேரு துணிக் கட்டுகளின்மேல் பொத்தென்று விழுந்தான். இந்தத் தடவை நிஜமாகவே அழுதான்.

"இன்னும் எதுக்குண்ணே அழுவுறீங்க? அந்தக் கடுதாசி போட்ட பாவி மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"அடுத்த வாரம் லாகோஸ்ல என் பொண்ணு கல்யாணம்டா. சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி துணி எடுத்ததுலயே கப்பல் காசு போயிடுச்சு."

அசாரே அந்த நீலக் கட்டுகளைத் திரும்பிப் பார்த்தான். சுபேரு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தப் பாவி நான்தாண்டா."