ஒரு கீறல்கூட இல்லாத கிட்டார்

விற்பவர் போனில் சொன்னதைக் கேட்டு, விற்பனைக்கு வந்த பேஸ் கிட்டாருக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா? என் மேல ஒரு கீறல்கூட இல்லையாம்!" என்று கூடவே விலைக்கு வந்த ஆம்ப்ளிஃபயரிடம் பீற்றிக்கொண்டது.

"போன ஓனரும் இதையேதான் சொல்லி நம்மளை வித்தார். வாசிச்சாத்தானே கீறல் விழும்?" என்றது ஆம்ப்ளிஃபயர். இத்தனை வருஷமும் அது டீ டம்ளர் வைக்கும் ஸ்டூலாகவே இருந்தது.



வாங்க வந்த ஜெசிந்தா, "வாசிச்சுப் பாக்கட்டுமாண்ணா?" என்றாள்.

"மெதுவாம்மா! புதுசு மாதிரி வெச்சிருக்கேன்" என்று பதறினார் விற்பவர்.

அவள் ஒயரைச் சொருகிக் கம்பியைச் சுண்டினாள். 'தும்ம்' என்று ஆம்ப்ளிஃபயர் அதிர்ந்தது. ஜன்னல் ஆடியது. அடுத்த வீட்டு நாய் குரைத்தது. ஜெசிந்தா துள்ளித் துள்ளி வாசித்தாள். அவளுடைய பெல்ட் கொக்கி கிட்டாரின் முதுகில் சர்ரென்று கோடு கிழித்தது.

விற்பவர் தலையில் கை வைத்தார்.

"கீறல்! கீறல்!" என்று கிட்டார் கூவியது.

"அடப்பாவி, உன் விலை போச்சே!" என்றது ஆம்ப்ளிஃபயர்.

"போனா போகட்டும்! கீறினவளே வாங்கி வாசிச்சுக்கட்டும். இனிமே என்னை யாராலயும் விக்க முடியாது!"