ரொமெய்னின் வெள்ளை ஷூ

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் மதியம் மூன்று மணி வெயில் சலூனின் தகரக் கூரையில் கொதிக்கிறது. நாற்காலியில் சாய்ந்து முடி வெட்டிக்கொள்கிறான் பதினேழு வயது ஓடேன். அவன் காலில் இருப்பது ரொமெய்னின் வெள்ளை ஷூ. மூன்று வாரத்துக்கு முன்னால் ரொமெய்னைச் சுட்டுக் கொன்றுவிட்டுக் கழற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் முதியோர் விடுதியில் வேலை பார்க்கும் ரொமெய்னின் அம்மா, அரிசிக்கும் சோப்புக்கும் நடுவில் வைத்து, வீட்டுச் சாமான் பீப்பாயில் கப்பலேற்றி அனுப்பியது. ரொமெய்னின் தங்கை டேசியா பள்ளிச் சீருடையோடு உள்ளே வருகிறாள். அவள் கையில் இருக்கும் போனில் அம்மாவின் முகம். போனை ஓடேனின் காலுக்கு நேரே பிடித்து, "இதானேம்மா?" என்கிறாள். "இதேதான்டி." முடி வெட்டும் மெஷினின் இரைச்சல் நிற்கிறது. பவுடர் தூள் வெளிச்சத்தில் மிதக்கிறது. "போனை அந்தப் பக்கம் எடுடி. உங்கண்ணன்கிட்டயே அனுப்பிருவேன்" என்று ஓடேன் இடுப்பில் துருத்தும் துப்பாக்கியைத் தொடுகிறான். டேசியா நகரவில்லை. "ஓடேன்," என்கிறாள் அம்மா, குரலை உயர்த்தாமல். "உங்கம்மா மார்வா என்கூடத்தான் வேலை பாக்குறா. கடையில அந்த ஷூவை எடுத்துக் குடுத்ததே அவதான். 'எம்பையனுக்கும் இதே அளவு'ன்னு சொன்னா. இந்தா, பக்கத்துலதான் நிக்கிறா, பேசு." திரை ஆடி நிற்கிறது. நீலச் சீருடையில் ஒரு பெண், எட்டு வருஷமாக மகனை நேரில் பார்க்காதவள், "நீயாடா?" என்று மட்டும் கேட்கிறாள். ஓடேனின் கை இடுப்பிலிருந்து நழுவுகிறது. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் திருப்புகிற பக்கமெல்லாம் டேசியா போனைக் கொண்டுபோகிறாள்.